மதிய நாடகம் சரியில்லையா? பழுது எங்கே என்று பார்க்கும் முறை

மதியச் சோறு முடிந்து, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு நாடகத்துக்கு முன்னால் உட்காருகிற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். இலங்கையின் கிழக்கில், களுவாஞ்சிக்குடியில் எங்கள் ஒழுங்கையில் மட்டுமில்லை, கல்முனையில் இருக்கிற மச்சாள், திருக்கோவிலில் இருக்கிற சின்னம்மா என்று எல்லாரும் சொல்லுகிற முறைப்பாடு விதவிதமாக இருக்கும், ஆனால் கடைசியில் "அவளுக்கு நடிக்கவே தெரியாது" என்ற இடத்தில்தான் வந்து நிற்பார்கள். மறுகா அந்தப் பிள்ளையின் பக்கத்தில் போய்க் கண்டபடி எழுதுவார்கள். பழுது பெரும்பாலும் அவளிடம் இருப்பதில்லை. உங்கள் வீட்டு றிசீவரில் இருக்கலாம், ஒலிப்பதிவு அறையில் இருக்கலாம், கதை எழுதுகிறவரிடம் இருக்கலாம், அதற்கும் மேலே அலைவரிசையில் இருக்கலாம். உங்களுக்கு எரிச்சல் தருவது எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். மேலே இருந்து கீழே ஒவ்வொன்றாகப் பார்த்து, பொருந்துகிற இடத்தில் நிறுத்துங்கள்.

வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போகிறது

முதலில் வேறு அலைவரிசைக்கு மாற்றிச் செய்தி வாசிப்பவரின் வாயைப் பாருங்கள்.

செய்தியிலும் ஒட்டவில்லை என்றால் நாடகத்தில் குற்றமில்லை. தனி ஸ்பீக்கர் பூட்டியிருந்தால், அதிலும் புளூடூத் ஸ்பீக்கர் என்றால், அதைக் கழற்றிவிட்டு டிவியின் சொந்தச் சத்தத்தில் கேளுங்கள். பல வீடுகளில் இதோடு முடிந்துவிடும். முடியாவிட்டால் றிசீவரைப் பிளக்கில் இருந்து கழற்றி, கொஞ்ச நேரம் விட்டுத் திரும்பக் கொடுங்கள். படமும் கட்டம் கட்டமாக உடைகிறதா? மாரி காலத்தில், நவம்பர் முதல் ஜனவரி வரை, மழை இருட்டி நின்றால் டிஷ்ஷுக்கு அப்படித்தான் வரும், மழை விடட்டும். வெயில் எறிக்கும்போதும் உடைந்தால் கேபிள் முனையில் தண்ணீர் போயிருக்கும், இல்லாவிட்டால் காற்றில் டிஷ் திரும்பியிருக்கும். அதற்கு டிஷ் பூட்டுகிறவரைக் கூப்பிடுங்கள், ஈர ஓட்டில் நீங்கள் ஏற வேண்டாம்.

போனில் பார்க்கும்போது மட்டும்தான் இப்படியா? அப்படியானால் நீங்கள் பார்ப்பது திருட்டுப் பிரதியாக இருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி சேலைத் தலைப்பு. எல்லாப் பெண்களுக்கும் தலைப்பு வலது தோளில் கிடந்தால், ஆண்களின் சட்டைப் பை வலது மார்பில் இருந்தால், கடைப் பலகையின் எழுத்து திரும்பியிருந்தால், பிடிபடாமல் இருக்கப் படத்தைக் கண்ணாடி போலத் திருப்பி ஏற்றியிருக்கிறார்கள். அதே காரணத்துக்காகக் குரலையும் கீச்சாக்கி, வேகத்தையும் கூட்டிவிடுவார்கள். இதைப் பார்த்துவிட்டு "குரலில் உயிரில்லை" என்று ஒருவரைச் சொல்வது அநியாயம். அலைவரிசையின் சொந்தப் பக்கத்தில் அதே காட்சியைத் தேடி ஒருக்கா பார்த்துவிட்டுக் கதையுங்கள்.

இந்த ஒரு நாடகத்தில் மட்டும்தான் என்றால் அது டப்பிங். சென்னையில் எடுக்கிற நாடகங்களில் கதாநாயகியாக வருகிற பலர் கர்நாடகா, கேரளா பக்கத்துப் பிள்ளைகள். படப்பிடிப்பில் பக்கத்தில் ஒருவர் நின்று வசனத்தைச் சொல்லிக் கொடுக்க, அதைக் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்வார்கள், பிறகு வேறொருவர் குரல் கொடுப்பார். சோதிக்க உதட்டைப் பாருங்கள். 'அம்மா', 'அப்பா', 'மாமா', 'போ' என்று வருகிற இடத்தில் உதடு மூடியே ஆக வேண்டும். மூடவில்லை என்றால் அங்கே அவர் சொன்னது வேறு ஏதோ, குரல் பிறகு ஒட்டப்பட்டது. உதடு சரியாக மூடியும் மனசில் ஒட்டவில்லை என்றால் குரல் கொடுப்பவர் மாறியிருக்கலாம், அல்லது அவசரமாகப் பேசி முடித்திருக்கலாம்.

டப்பிங் சின்ன வேலை இல்லை. 'எதிர்நீச்சல்' நாடகத்தில் வீட்டுப் பெண்களை அடக்கி வைக்கிற ஆதி குணசேகரனாக வந்த ஜி. மாரிமுத்து அந்த நாடகத்துக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த நேரத்தில்தான் மாரடைப்பு வந்து, 2023 செப்டம்பர் 8ஆம் தேதி காலமானார். அந்த ஆளைக் கண்டால் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு வந்த கோபத்தில் பாதி அவருடைய சொந்தக் குரல் கொண்டுவந்தது. முகமும் குரலும் ஒரே ஆளுடையதாக இருந்தால் எவ்வளவு தூரம் போகும் என்பதை அவரில் பார்த்தோம்.

கிழமைக் கணக்காகக் கதை நின்ற இடத்திலேயே நிற்கிறது

மெதுவாகப் போவது பழுது இல்லை. கன்னன்குடாவிலோ வந்தாறுமூலையிலோ விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஒரு ராசா வட்டக்களரி என்ற கூத்து மேடைக்கு வந்து, வரவுத்தரு என்ற வரவுப் பாட்டைப் பாடி ஆடி முடிக்கவே நேரம் போய்விடும், கதையும் எல்லாருக்கும் முன்னமே தெரிந்த பாரதக் கதை, ஆனாலும் யாரும் எழும்பிப் போவதில்லை. கூத்தை நடத்துகிற அண்ணாவியார் மத்தளத்தில் அடுத்த தாளத்தைத் தொடும்போது புதிதாக ஒன்று வந்துவிடுகிறது. மதிய நாடகத்தில் நமக்கு அலுப்பது அந்தப் புதியது வராததால்தான். ஆகவே நேரத்தைப் பார்க்க வேண்டாம், இப்படிப் பாருங்கள்: இன்றைய பகுதி முடியும்போது, தொடக்கத்தில் யாருக்கும் தெரியாத எதாவது ஒன்று யாருக்காவது தெரிந்திருக்கிறதா? அல்லது யாராவது திரும்ப மாற்ற முடியாத ஒரு முடிவு எடுத்தார்களா? ஒரு வரியில் சொல்ல முடிந்தால் கதை நகர்கிறது, உங்களுக்குப் பொறுமை போதவில்லை. சொல்ல முடியாவிட்டால் அடுத்த நாளும் அதற்கு மறுநாளும் இதே கேள்வியைக் கேளுங்கள். மூன்று நாளும் வெறுமை என்றால் இழுக்கிறார்கள்.

ஏன் இழுக்கிறார்கள் என்பதற்குக் காரணங்கள், லேசானது முதலில்:

நீங்கள் விளம்பரத்தையும் கதையோடு சேர்த்து எண்ணுகிறீர்கள். அரை மணித்தியால இடத்தில் கதைக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 20, 22 நிமிடம்தான், அதிலும் முன்கதையும் தலைப்புப் பாட்டும் போக வேண்டும். கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் எரிச்சல் கொஞ்சம் அடங்கும்.

மகாசங்கமம் வரப்போகிறது. இரண்டு நாடகக் குடும்பங்களை ஒரே கல்யாணத்திலோ கோயிலிலோ சேர்க்கப் போகிறார்கள் என்றால், மற்ற நாடகம் அந்த இடத்துக்கு வந்து சேரும்வரை இது காத்து நிற்கும். பிறகு தானாக நகரும்.

முக்கியமான ஒருவர் படப்பிடிப்புக்கு வரவில்லை. அவர் பெயரை எல்லாரும் சொல்கிறார்கள், போனில் கதைக்கிறார்கள், ஆனால் ஆளைக் காணோம் என்றால் இதுதான். சுகயீனம், வேறு படம், சம்பளப் பிரச்சினை, எதுவாகவும் இருக்கலாம். அவர் வரும்வரை மற்றவர்கள் சமையலறையில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருப்பார்கள்.

நாடகம் முடிய வேண்டியது, ஆனால் அந்த நேரத்துக்கு வரப்போகிற புதிய நாடகம் ஆயத்தமாகவில்லை. இதற்கு அடையாளம், புதிய நாடகத்தின் விளம்பரம் ஓடும், ஆனால் தேதி சொல்ல மாட்டார்கள்.

கடைசிக் காரணம், கதையே தீர்ந்துவிட்டது. தொடங்கும்போது இருந்த கேள்விக்கு எப்போதோ பதில் கிடைத்திருக்கும். 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1500க்கு மேற்பட்ட பகுதிகள் ஓடியது, கதாநாயகி அபி தன் காலில் நிற்பாளா, வில்லன் ஆதி அவளை விடுவானா என்ற கேள்வி நெடுகவும் உயிரோடு இருந்தபடியால்தான் சனம் கூடவே வந்தது. உங்கள் நாடகத்தின் முதல் கேள்வி என்ன என்று நினைத்துப் பாருங்கள். நினைவுக்கு வரவில்லை என்றால் எழுதுகிறவருக்கும் அது மறந்துபோயிருக்கும்.

இதற்குக் கூப்பிட ஆள் இல்லை. செய்யக்கூடியது, நாள்தோறும் பார்ப்பதை விட்டுச் சனிக்கிழமையும் திங்கட்கிழமையும் மட்டும் பாருங்கள். பெரிய முடிச்சைச் சனிக்கிழமை போட்டுத் திங்கட்கிழமை அவிழ்ப்பதுதான் வழக்கம். 2022இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை போன நேரத்தில் நாங்கள் நாட்கணக்காக ஒன்றும் பார்க்கவில்லை, கரண்ட் வந்து பார்த்தபோது கதை விளங்காமல் போன வீடு ஒன்றும் எனக்குத் தெரியாது.

நேற்று வரைக்கும் நல்லவள், இன்றைக்குப் பாலில் எதையோ கலக்கிறாள்

முதலில் இடையில் ஒரு பகுதி தவறிவிட்டதா என்று பாருங்கள். மாமி சொன்ன கதையை வைத்து முடிவெடுக்காதீர்கள், மாமி பார்க்கும்போது பாதி நேரம் அடுப்படியில் நிற்பார்.

தவறவில்லை என்றால், அவள் மாறியதற்கு ஒரு காட்சியாவது வைத்தார்களா? அவமானப்பட்டாள், ஏமாந்தாள், எதையோ ஒளித்திருந்து கேட்டாள், இப்படி ஏதாவது. வைத்திருந்தால் அது மாற்றம், பிடிக்காவிட்டாலும் நியாயம். வைக்கவில்லை என்றால், பழைய வில்லி எப்போது கடைசியாக வந்தாள் என்று பாருங்கள். வில்லியாக நடித்தவர் விலகிப்போய், அந்த வேலையை இந்தப் பிள்ளையின் தலையில் கட்டியிருப்பார்கள்.

அதுவும் இல்லை என்றால் எண்ணிக்கை. இந்தியாவில் பார்வையாளர் அளவை பார்க் என்கிற அமைப்பு எடுக்கிறது, கிழமைக்கு ஒருமுறை, வியாழக்கிழமையில் வெளிவரும். விழுந்த நாடகத்தில் அடுத்த கிழமைகளில் ஒரு கடத்தல், ஒரு பொய்க் கர்ப்பம், ஒரு விஷக் கிண்ணம் வரும். எங்களுக்கு இதில் ஒரு வருத்தம் உண்டு. அந்த அளவை எடுப்பது இந்தியாவில் உள்ள வீடுகளில். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஊரே நிறுத்தினாலும், ஊரே பார்த்தாலும், அந்தத் தாளில் ஒரு புள்ளி கூட மாறாது. அலைவரிசையின் யூடியூப் பக்கத்தில் விழுகிற பார்வையும் கருத்தும் எந்த நாட்டில் இருந்து வந்தாலும் எண்ணப்படும். அதனால் உங்கள் எதிர்ப்பைக் காட்ட நினைத்தால் அங்கே எழுதுங்கள்.

இன்னொன்றையும் சோதியுங்கள், இது வேறு மொழி நாடகத்தின் தமிழ் வடிவமா? 'பாரதி கண்ணம்மா' மலையாளத்து 'கறுத்தமுத்து'வில் இருந்து வந்தது, 'பாக்கியலட்சுமி' வங்காளத்து 'ஸ்ரீமொயீ'யில் இருந்து வந்தது. அப்படியானால் ஒரு பாத்திரத்தின் திருப்பம் அங்கே இரண்டு மாதமாகக் கட்டி எழுப்பப்பட்டு, இங்கே இரண்டு நாளில் கொட்டப்பட்டிருக்கலாம். மூலக் கதையின் சுருக்கத்தைத் தேடி வாசித்தால் உங்கள் கதாநாயகி திரும்ப நல்லவளாவாளா என்பதும் ஓரளவு தெரிந்துவிடும்.

ஆளே மாறிவிட்டார்

இதில் பழுது ஒன்றுமில்லை. "இவருக்குப் பதில் இவர்" என்று போட்டுவிட்டார்கள் என்றால் கொஞ்ச நாள் கொடுங்கள். காத்தவராயன் கூத்தில் முன்காத்தான், பின்காத்தான் என்று ஒரே இரவில் ஆள் மாறி வருவதை ஏற்றுக்கொள்கிற சனம்தானே நாம். மாரிமுத்துவுக்குப் பிறகு அந்த இடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார், அவரை முதல்நாளே பழைய முகத்தோடு ஒப்பிட்டுப் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. புதியவர் பழையவரைப் போலவே நடக்கவும் பேசவும் பார்த்தால் மட்டும் பழுது உண்டு, அது அவரை அப்படிச் செய்யச் சொன்னவருடைய பழுது.

அவள் அழுகிறாள், எங்களுக்கு ஒன்றும் வரவில்லை

அதிகமாக வருகிற முறைப்பாடு இதுதான், அநியாயமாக ஆளைக் குற்றம் சொல்வதும் இதில்தான் கூட. அவசரப்படாமல் செய்யுங்கள்.

சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு அதே காட்சியைப் பாருங்கள். முகம் தன் பாட்டில் உங்களைத் தொட்டால் நடிப்பு நன்று, கெடுத்தது பின்னணி இசை. வயலினை அவ்வளவு ஏற்றிவிட்டால் எந்த அழுகையும் அடிபட்டுப்போகும்.

சத்தம் இல்லாமலும் தொடவில்லையா? வெட்டுகளைப் பாருங்கள். ஒரு அடி விழுந்தால் அறையில் நிற்கிற ஒவ்வொருவர் முகத்துக்கும் கமரா பாய்ந்து பாய்ந்து போய்த் திரும்பி வரும். அந்த நேரத்தில் அவள் என்ன செய்தாள் என்பதை நீங்கள் பார்க்கவே இல்லை. ஆகவே வெட்டு இல்லாமல் நீளமாக ஓடுகிற ஒரு துண்டைத் தேடுங்கள், சாப்பாட்டு மேசையிலோ அடுப்படியிலோ கிடைக்கும். ஒருவருடைய நடிப்பை அதில் மட்டும் எடை போடுங்கள்.

அதிலும் அவள் பேசும்போது பார்க்க வேண்டாம், மற்றவர் பேசுவதை அவள் கேட்கும்போது பாருங்கள். உண்மையில் கேட்கிறவரின் கண் பேசுகிறவரின் முகத்தில் அசைந்துகொண்டே இருக்கும், நடுவில் ஒரு சொல் குத்தினால் கை சும்மா கிடக்காது, தலைப்பை இழுக்கும், கரண்டியை வைக்கும். வசனம் சொல்லித் தருகிறவருக்காகக் காத்திருக்கிறவரின் கண் ஒரு புள்ளியில் நின்றுவிடும், வரி காதில் விழுந்ததும் சின்னதாக இமை தட்டி, பிறகுதான் வாய் திறக்கும். அந்தத் தட்டலைக் கண்டுகொண்டீர்களா, அவள் பாஷை தெரியாமல் நடிக்கிறாள். காலையில் தொடங்கி இரவு வரை, அன்றைக்குக் காலையில் கைக்கு வந்த சீன் பேப்பரை வைத்துக்கொண்டு, தெரியாத பாஷையில் அழுவது லேசான வேலையா?

அடுத்தது வசனம். அவள் சொன்ன வரியை நீங்கள் உங்கள் வாயால் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், உங்கள் சொந்த மாமியிடம் சொல்வதாக நினைத்து. நாக்கு கூசினால் வரியில்தான் பழுது. எங்கள் வீட்டில் பெரிய துக்கம் வந்தபோது அம்மம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணியை எடுத்து மடித்தார், மடித்ததையே பிரித்துத் திரும்ப மடித்தார். அப்படி ஒரு வேலையைக் கையில் கொடுக்காமல், "என் வாழ்க்கையே இருண்டுபோச்சு" என்று நிமிர்ந்து நின்று சொல்லச் சொன்னால் எந்த நடிகையும் என்ன செய்வாள்?

எல்லாம் பார்த்துவிட்டீர்கள், இன்னும் ஒட்டவில்லை. அவர் முன்பு நடித்த நாடகத்தில் ஒரு பகுதியைத் தேடிப் பாருங்கள். அங்கே நன்றாக இருந்தால் இங்கே எழுத்தும் இயக்கமும் அவரைக் கைவிட்டுவிட்டன. அங்கேயும் இப்படியே என்றால் சரி, அவருக்கு இந்தப் பாத்திரம் பொருந்தவில்லை. இந்த இடத்துக்கு வந்து சேர்ந்த பிறகுதான் "நடிக்கத் தெரியாது" என்று சொல்ல உங்களுக்கு உரிமை வருகிறது. சொல்லும்போதும் நடிப்பைச் சொல்லுங்கள், நிறத்தையும் உடம்பையும் குடும்பத்தையும் இழுக்காதீர்கள்.

நாடகம் முடிந்தும் வீட்டில் முடியவில்லை

வயதானவர்கள் இரவில் தூங்காமல் அந்த வீட்டுப் பிரச்சினையையே கதைத்துக்கொண்டிருந்தால், கடைசி நாடகத்தைக் கொஞ்சம் முன்னுக்கு நிறுத்துங்கள், அடுத்த நாள் பகலில் போனில் போட்டுக் காட்டலாம். பிரஷர் குளிசை எடுக்கிறவருக்கு நாடக நேரத்தில் படபடப்போ நெஞ்சு இறுக்கமோ வந்தால் நாடகத்தின் மேல் பழிபோட்டுவிட்டு இருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

அடிக்கிறான், அதைக் காதல் என்று காட்டுகிறார்கள்

கட்டாயத் தாலி, அறை, வீட்டைவிட்டுத் தள்ளுதல், பிறகு அதே ஆளுக்கு அவள் கால் பிடித்துவிடுவது. இதை ருசி வேறுபாடு என்று விட எனக்கு மனமில்லை. கண்டிக்கிற காட்சியும் இருக்கும், பாராட்டுகிற காட்சியும் இருக்கும், எது என்று பார்க்க அடுத்து வருகிற இசையைக் கேளுங்கள். அறைக்குப் பிறகு காதல் பாட்டின் மெட்டு வந்தால் பாராட்டுகிறார்கள்.

பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு பெண் "எனக்கும் இதுதானே நடக்கிறது" என்று சொன்னால் நாடகத்தை விட்டுவிட்டு அவளைக் கவனியுங்கள். இலங்கையில் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் இருந்து உண்டு, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் இருக்கிறது. இந்த இடத்தில் நீங்கள் தனியாகத் தீர்க்கப் பார்க்காதீர்கள்.

காட்சியைப் பற்றி முறையிட: உள்நாட்டு அலைவரிசை என்றால் நேரே நிலையத்துக்கு எழுதுங்கள். இந்திய அலைவரிசை என்றால் பொழுதுபோக்கு அலைவரிசைகள் மீதான முறைப்பாட்டை விசாரிக்க 2011இல் அமைத்த பி.சி.சி.சி. என்ற சபை இருக்கிறது, அங்கே உறவுக்காரர் யாரும் இருந்தால் அவர் பெயரில் அனுப்பச் சொல்லலாம். அலைவரிசை, நாடகத்தின் பெயர், தேதி, மணி, என்ன நடந்தது, இவ்வளவும் வேண்டும். 2006இல் நம் நேரத்தை மாற்றியதில் இருந்து இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே மணி என்பதால் உங்கள் சுவர்க் கடிகாரத்தில் பார்த்ததையே எழுதலாம். "மோசமான நாடகம்" என்று எழுதினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், "இத்தனை மணிக்கு இன்னார் இன்னாரை அறைந்தார், அதற்குப் பிறகு காதல் இசை வந்தது" என்று எழுதுங்கள். கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் என்று ஓடுகிற பெயர்களைப் போனில் நிறுத்திக் குறித்துவைத்து, யாரைப் பற்றிய முறைப்பாடோ அவர் பெயரையும் அதில் சேருங்கள். பல நாடகங்களில் இந்த நான்கும் வெவ்வேறு ஆட்கள்.